ஈரத்திரையின் பின்பக்கம்

சின்ன வயதில் நான் பார்த்த படங்களில் எல்லோருமே இடதுகைக்காரர்கள். கதாநாயகன் இடது கையால் குத்துவான், இடது கையால் சாப்பிடுவான், சாமிகூட இடது கையைத் தூக்கித்தான் ஆசி கொடுக்கும். தாராவியில் எங்கள் சந்தில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிகிற அன்று சந்தின் குறுக்கே திரை கட்டிப் படம் போடுவார்கள். படம் காட்டும் மெஷின் இருக்கும் பக்கம் ஆண்களுக்கு. திரைக்குப் பின்பக்கம் பெண்களுக்கு. அப்படி யார் முடிவு செய்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. எழுத்து வந்தால் எங்களுக்குத் தலைகீழ் வரிசையில், வலமிருந்து இடமாக ஓடும். எங்கள் பக்கத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் அதை யாரும் பெரிய நஷ்டமாக நினைக்கவில்லை.

காய்ந்த துணியில் பின்பக்கம் படம் மங்கலாகத்தான் தெரியும். அதனால் திரையை நனைத்துக் கட்டுவார்கள். ஈரத்துணி வெளிச்சத்தை உள்ளே விடும். பெண்களுக்கும் முகங்கள் தெளியும். ஆனால் வைகாசி வெக்கையில் துணி எவ்வளவு நேரம் ஈரமாக நிற்கும்? ஹோலிக்கு வாங்கிய பித்தளைப் பிச்காரியில் தண்ணீரை இழுத்து அவ்வப்போது திரைமேல் பீய்ச்ச ஓர் ஆள் வேண்டும். அந்த வருடம் அந்த ஆள் நான்.

எனக்கு அப்போது பதினோரு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துப் பேச மாட்டேன். ஆனால் ஓரிடத்தில் உட்காரவும் மாட்டேன். "கால்ல சக்கரத்தக் கட்டிட்டுப் பொறந்திருக்கு மூதி" என்பாள் அம்மா. வாளியும் பிச்காரியும் கையில் இருந்தால் சாக்கடைக் கட்டரைத் தாண்டி ஆண்கள் பக்கம் போகலாம், கோயில் குழாயில் தண்ணீர் பிடிக்கலாம், திரும்பி வரலாம். யாரும் அதட்ட முடியாது. எனக்கு அது பெரிய பதவியாக இருந்தது.

திரையைத் தைத்தவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. இரண்டு வெள்ளை வேட்டிகளை நீளவாட்டில் சேர்த்துத் தைத்திருந்தாள். தையல் நடுவில் படுத்துக் கிடக்கும். அதனால் படத்தில் வருகிற எல்லோருக்கும் இடுப்பில் அரைஞாண் கட்டியது மாதிரி ஒரு கோடு இருக்கும்.

எங்கள் வீடு ஒரே அறை. மேலே பலகைத் தட்டு, ஏறுவதற்கு ஓர் ஏணி. தட்டில் மாமா படுத்துக்கொள்வார். அவர் அம்மாவின் தம்பி, தோல் பட்டறையில் பர்ஸ் தைக்கிறவர். தட்டுக்கு நேர் கீழே அத்தையின் தையல் மெஷின். கடைக்காரர்களுக்குப் பாவாடை தைத்துக் கொடுப்பாள். அவர்கள் இருவரும் கட்டிக்கொள்கிற முறை. கட்டிக்கொள்கிற முறை என்பதால் நேருக்கு நேர் பேசக் கூடாது. பேசக் கூடாது என்பதால் எல்லாப் பேச்சும் என் வழியாகப் போகும்.

"ஏட்டி, சட்டையில பித்தான் தைக்க முடியுமான்னு உங்க அத்தைட்ட கேளு" என்பார் மாமா ஏணியில் உட்கார்ந்துகொண்டு. அத்தை ஒரு கை தூரத்தில் இருப்பாள்.

"தச்சு மூணு நாளாச்சு, ஆணியில தொங்குது, கண்ணு தெரியலையாக்கும்னு உங்க மாமாட்ட சொல்லு" என்பாள் அத்தை.

நான் நடுவில் நின்று இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்புவேன். சொல்ல வேண்டிய தேவையே இருக்காது. இருந்தாலும் சொல்லுவேன்.

அந்தக் கொடைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கல்யாணிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை, குவார்ட்டர்ஸ் உண்டு. அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி. அந்த வாரம் முழுக்க மாமா ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். மேலே போனால் கீழே ஏதோ மறந்துபோகும், கீழே வந்தால் மேலே. சனிக்கிழமை மத்தியானம் படப்பெட்டி வாங்க அவர் கிளம்பும்போது அம்மா வாசலில் மறித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"கேக்கணும்னா இன்னைக்கே உங்க அத்தான்ட்ட கேட்டுரு. நாளைக்கு அவுக வந்து பூ வச்சிட்டாவன்னா அப்புறம் வாயத் தொறந்து ஒரு பிரயோசனமும் இல்ல."

"என்னத்தக் கேக்க?" என்றார் மாமா. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இடது காலுக்கு வலது செருப்பு.

படப்பெட்டிக்கான ரயில் செலவை அப்பாவிடம் கேட்கச் சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த மனநிலையில்தான் அவர் கிராண்ட் ரோடு பக்கம் படம் வாடகைக்குக் கொடுக்கும் இடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரே மாதிரி இரண்டு தகரப் பெட்டிகள் இருந்தனவாம். ஒன்று எங்களுக்கு, அம்மன் படம். மற்றொன்று மாட்டுங்கா பக்கத்துக் கல்லூரிப் பையன்களுக்கு. மாமா கைக்கு வந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

இருட்டியதும் படம் தொடங்கியது. நான் திரையை முழுக்க நனைத்து வைத்திருந்தேன். பெண்கள் பக்கம் ஒரே சலசலப்பு; அம்மன் வரும்போது சூடம் காட்ட வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா தட்டோடு வந்திருந்தாள். திரையில் மழை பெய்தது. சாம்பல் நிறத்தில் கல் வீடுகள். டை கட்டிய வெள்ளைக்காரப் பையன்கள், பருக்கள் நிறைந்த முகத்தோடு, நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போனார்கள்.

"மழ பேயுதுலா, அம்மன் வாரதுக்கு அடையாளம்" என்றாள் பெரியம்மா.

அம்மன் வரவில்லை. கொக்கு மாதிரி காலும் கழுத்துமாக ஒரு பையன்தான் வந்தான். அவன் வருவான், விழுவான், எழுந்திருப்பான், ஒரு பெண்ணைப் பார்ப்பான், மறுபடி விழுவான். அந்தப் பெண் பள்ளிக்கூட பேண்டு வாத்தியத்தில் கொட்டு அடிக்கிறவள். அவர்கள் பேசியது யாருக்கும் புரியவில்லை. இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆளான தபால்காரரும் "இது இங்கிலீஷே இல்ல" என்று சொல்லிவிட்டார். ஆண்கள் பக்கத்திலிருந்து முதலில் விசில், அப்புறம் ஒரு செருப்பு வந்து திரையில் மோதியது.

நான் வாளியோடு அந்தப் பக்கம் ஓடினேன். கொடைக் கமிட்டித் தலைவர் மாமாவின் சட்டையைப் பிடித்திருந்தார்.

"ஏல, அம்மன் எங்கல?"

மெஷின்காரர் மராத்திக்காரர். "பெட்டி உங்க ஆளு கொண்டு வந்தான் பாபா, மேரேகோ க்யா மாலூம்" என்று கையை விரித்துவிட்டார்.

கூட்டம் எழுந்துகொண்டிருந்தது. படத்தை நிறுத்தினால் மெஷினையே உடைப்பார்கள் என்று எனக்கே தெரிந்தது. தலைவர் கோயில் மைக்கைப் பிடுங்கி மாமா கையில் திணித்தார். "நீ கொண்டாந்த படம்லா? நீயே கதையச் சொல்லு. நிப்பாட்டுனேன்னா திரைக்குப் பதிலா உன்னக் கட்டித் தொங்கவிட்டுருவேன்."

மெஷின்காரர் படத்தின் சத்தத்தை அடைத்தார். ஒலிபெருக்கியில் மாமாவின் மூச்சு மட்டும் சந்து முழுக்கக் கேட்டது.

"படந்தான் பேசலன்னு பாத்தா இவனும் பேசல!" என்று யாரோ கத்தினார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கொக்குப் பையன் சைக்கிளோடு ஒரு படிக்கட்டில் உருண்டான். மாமா வாயிலிருந்து தன்னால் வந்தது. "எம்மா! மாஹிம் ஸ்டேஷன் படிய விட மோசமால்லா இருக்கு!"

சந்தே சிரித்தது. அவ்வளவுதான், மாமா பிடித்துக்கொண்டார்.

வாத்தியார் வாயசைத்தால், "ஏல கொக்கு, உங்கப்பன் ரேஷன் கடையில கால் கடுக்க நிக்கான், நீ இங்கன என்னல பண்ணுத?" என்றார். ஒரு கல்யாண வீட்டில் ஆண்களெல்லாம் கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் பக்கம் ஓவென்று இரைச்சல். மாமா கொக்கின் குரலில் கெஞ்சினார்: "மழையில பேண்டு காயல சார். எங்கக்கா பாவாடையக் கட்டிட்டு வந்துட்டேன். அக்காட்ட சொல்லிராதீய." ஒருவன் அக்குளில் பையை வைத்து ஊதினான். "மேளக்காரன் வரல. அதான் ஆட்டக் கக்கத்துல இடுக்கிட்டு ஊதுதான்."

"இது யாருட்டி பேசுதது? உன் தம்பியா?" என்று பெரியம்மா அம்மாவின் தொடையில் தட்டினாள். "வாயில்லாப் பூச்சின்னுலா நெனச்சோம்!"

அம்மா கண்ணீர் வரச் சிரித்தாள். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் மேல் சாய்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் மாமா மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கேட்பார். மெஷின் பக்கத்திலிருந்து அவருக்குத் திரை தெரியும். திரைக்கு அப்பால் தெரியாது.

"அங்கன சிரிக்காவளாட்டி?"

"எல்லாரும் சிரிக்காவ மாமா."

"உங்க அத்தை?"

"அத்தை உருளுதா."

மாமா நிமிர்ந்து உட்காருவார். "அடுத்த தடவையும் பாத்துட்டு வா."

நானும் ஓடினேன். கட்டரை இந்தப் பக்கம் தாண்டினால் பையன் வலது கைக்காரன், அந்தப் பக்கம் தாண்டினால் இடது கைக்காரன். இரண்டு பக்கமும் பார்க்கிறவள் சந்திலேயே நான் ஒருத்திதான் என்ற கர்வத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு பக்கத்தில் நின்றால் மறு பக்கத்தில் ஏதோ தப்பிப்போகிறது என்று அரித்துக்கொண்டே இருக்கும்.

பிறகு அந்த ரயில்வே ஸ்டேஷன் வந்தது. சின்ன ஸ்டேஷன், மழை, ஆளே இல்லை. கொட்டு அடிக்கிற பெண் பெட்டியோடு நிற்கிறாள். ரயில் வந்து நிற்கிறது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்கிறாள். கொக்குப் பையன் ஓடி வந்து நிற்கிறான். அவனுக்குக் கை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பையில் போடுகிறான், எடுக்கிறான்.

நான் அப்போது ஆண்கள் பக்கம், மாமாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கூட்டம் அடுத்த சிரிப்புக்குக் காத்திருந்தது. மாமா குரலை மாற்றவில்லை. கொக்குக்கு என்று வைத்திருந்த கீச்சுக்குரலை விட்டுவிட்டுத் தன் குரலிலேயே பேசினார்.

"நீ இந்த வண்டியில போகாத. எனக்குப் பேச வராதுன்னு உனக்கே தெரியும். நீ மெஷின் மிதிக்கிற சத்தம் கேட்டாத்தான் எனக்கு உறக்கம் வருது. நிப்பாட்டிட்டேன்னா முழிச்சுக்கிடுவேன். நூலு அந்துட்டுபோலன்னு நெனச்சிட்டே கெடப்பேன். மறுபடி மிதிப்ப. பொறவுதான் கண்ண மூடுவேன். நீ கல்யாணுக்குப் போயிட்டேன்னா நான் எதக் கேட்டு உறங்க?"

ஆண்கள் பக்கத்தில் ஒருவன், "ஏல, அவ கொட்டுல்லா அடிச்சா! எப்பல மெஷின் மிதிச்சா?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கும் அது சரியான கேள்வியாகத்தான் பட்டது. இவ்வளவு நேரம் நன்றாகச் சொல்லிவந்த மாமா இந்த இடத்தில் கதையைத் தவறவிட்டுவிட்டாரே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

மாமா மைக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"போயி பாத்துட்டு வா."

"என்னத்த மாமா?"

"சிரிக்காளான்னு."

கட்டரைத் தாண்டி ஓடினேன். பெண்கள் பக்கம் என்னவோ மாதிரி இருந்தது. திரை காய்ந்து பையனின் முகம் மங்கியிருந்தது. ஆனால் தண்ணீர் அடிக்கச் சொல்லி யாரும் சத்தம் போடவில்லை. பெரியம்மாவே பேசவில்லை. அம்மா மடியில் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தாவணி நுனியை வாயில் வைத்துக் கடித்திருந்தாள். நான் கிட்டே போய்க் குனிந்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல், பார்த்தேன். பிறகு திரும்பி ஓடினேன்.

"சிரிக்கல மாமா."

"நல்லாப் பாத்தியாட்டி?"

"பாத்தேன். குனிஞ்சிட்டு இருக்கா. தாவணிய வாயில வச்சிருக்கா. கொஞ்சங்கூட சிரிக்கல."

மாமா திரையைப் பார்த்தார். "சரி" என்றார். மைக்கை மெஷின்காரர் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தார். கூட்டம் கத்தியது. "தொண்ட கட்டிட்டுன்னு சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆட்களை விலக்கிக்கொண்டு போனார். மீதிப் படம் ஊமையாக ஓடியது. ஆனால் அதற்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது; தலைவரே ஒன்றிரண்டு இடத்தில் கொக்குக்குக் குரல் கொடுத்துப் பார்த்தார், எடுபடவில்லை.

திரையைக் கழற்றி மடிக்கும்போது ஒரு முனை அத்தை கையில், ஒரு முனை என் கையில்.

"ஏம் பேச்ச நிப்பாட்டிட்டாவ?" என்று கேட்டாள். மாமாவைப் பற்றி அவள் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"தொண்ட கட்டிட்டாம்."

அத்தை திரையை மடித்து, மறுபடி உதறி, மறுபடி மடித்தாள்.

காலையில் கல்யாண்காரர்களுக்காக அப்பா கடனாக நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தார். அம்மா கேசரி கிண்டினாள். அத்தை, பட்டுச் சேலை கட்டுவதற்கு முன்னால், ஸ்டவ்வின் ஓரத்தில் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் காப்பி வைத்தாள். டம்ளரைத் துணியால் பிடித்து என் கையில் கொடுத்தாள்.

"உங்க மாமாட்ட குடு. நான் குடுத்தேன்னு சொல்லு."

ஏணியில் ஏறிப் பார்த்தேன். பாய் சுருட்டி வைத்திருந்தது. மாமா விடிவதற்கு முன்பே பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டாராம். ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் திறந்திருக்காது என்று அப்பா சொன்னார். டம்ளரோடு சந்து முனைவரை போய்ப் பார்த்தேன், கோயில் வரை போய்ப் பார்த்தேன். ஆறிக்கொண்டிருந்தது. வீணாகப் போகிறதே என்று கட்டர் ஓரத்தில் நின்று நானே குடித்துவிட்டேன். நல்ல காரம்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

கல்யாண் மாமா நல்ல மனிதர்தான். அத்தையை ஒரு சொல் சொன்னதில்லை. குவார்ட்டர்ஸ் வீட்டில் ரயில் சத்தம் ஓயாது, பழகிவிட்டது என்பாள். மாமா பின்னால் திலக் நகரில் சின்னதாகப் பட்டறை போட்டார், கல்யாணம் செய்துகொண்டார், பேரன் பேத்தி எடுத்தார். இன்றைக்கும் இருக்கிறார். பேச்சு எப்போதும் குறைவுதான். அந்த மைக்கை அவர் பிறகு தொட்டதாக எனக்கு நினைவில்லை.

போன மாதம் அத்தை கல்யாணிலிருந்து வந்து சான்பாடாவில் என் மகள் வீட்டில் என்னோடு நாலு நாள் இருந்தாள். கல்யாண் மாமா காலமாகி இரண்டு வருடமாகிறது. மழை பெய்த ஒரு சாயங்காலம் பேரன் டிவியில் எதையோ தேடித் தேடி ஒரு பழைய இங்கிலீஷ் படத்தைப் போட்டான். சாம்பல் நிறத்தில் கல் வீடுகள். மழை. கொக்கு மாதிரி ஒரு பையன்.

"இது எந்த ஊருடா?" என்றேன்.

"ஸ்காட்லாந்து ஆச்சி. பழைய காமெடி. ஸ்கூல் பசங்க கதை."

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனேன், வந்தேன், ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன். அத்தை அசையவில்லை. பையன் வலது கையால் சாப்பிட்டான், வலது கையால் சைக்கிளைப் பிடித்தான். அவனுக்கு இடுப்பில் கோடு இல்லை. பாவாடை கட்டிய ஆண்கள் வந்தபோது பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். அத்தையும் சிரித்தாள்.

ஸ்டேஷன் வந்தது. ரயில் நின்றது. பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாள். பையன் வந்து நின்றான். கையைப் பையில் போட்டான், எடுத்தான். அவன் வாயையே திறக்கவில்லை. ரயில் புறப்பட்டுப் போய், பிளாட்பாரம் காலியாகும்வரை அவன் உதடு பிரியவே இல்லை.

"இந்த எடத்துல அவன் பேசுவாம்லா?" என்றாள் அத்தை.

"நஹி ஆச்சி. இந்த சீன்ல டயலாக்கே கிடையாது" என்றான் பேரன்.

"உனக்குத் தெரியாது. பேசுவான்."

பேரன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பான். சிரிக்கிறாளா என்று பார்த்து வரத்தான் அன்றைக்கு என்னை அனுப்பினார்கள். பார்த்ததை ஓர் எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் போய்ச் சொன்னேன். சிரிப்பு இருக்கிறதா இல்லையா என்பதைத் தாண்டி ஒரு முகத்தில் பார்க்க வேறு என்ன இருக்கிறது என்று பதினோரு வயதில் எனக்குத் தெரியாது.

மெதுவாகத் திரும்பி அத்தையைப் பார்த்தேன். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முந்தானை நுனி வாயில் இருந்தது. சிரிக்கவில்லை.